செல்லின் வரலாறு – 17: சுவரில்லா மூன்றடுக்கு

மனித செல்லின் உட்கருவுக்குள் சாயம் ஏற்றாமலே ஒளி நுண்ணோக்கியில் எளிதாகத் தெரிவது உட்கருமணி. நியூக்ளியோலஸ் என்று பாடநூல்கள் குறிப்பிடுவதும் இதைத்தான். குறுக்களவு பெரும்பாலும் ஒன்றிலிருந்து சில மைக்ரோமீட்டர் வரை; ஓர் உட்கருவில் ஒன்றும் இருக்கலாம், நான்கைந்தும் இருக்கலாம். சுற்றியுள்ள பொருளைவிட அடர்த்தி மிகுந்தது என்பதால் ஒளியை அது வேறு அளவில் வளைக்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்கும் லைசோசோமுக்கும் இருப்பது போன்ற சவ்வு இதற்குக் கிடையாது. அப்படியிருந்தும் உள்ளே மூன்று பகுதிகள் ஒன்றினுள் ஒன்றாக ஒழுங்குடன் அமைந்திருக்கின்றன. செல் பிளவுறும் ஒவ்வொரு முறையும் இந்த அமைப்பு முற்றாகக் கலைந்து, சேய் செல்களில் மீண்டும் அதே ஒழுங்கில் கூடுகிறது. சவ்வே இல்லாத ஒன்றில் இந்த ஒழுங்கை நிறுத்தி வைப்பது எது என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை கிடைத்தது 2010களில்தான்.

செல் கோட்பாடு பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே இதைக் கண்டவர் உண்டு. ஃபிளாரன்ஸில் பணியாற்றிய ஃபெலிச்சே ஃபொன்டானா 1781இல் விரியன் பாம்பின் நஞ்சைப் பற்றி வெளியிட்ட நூலில், விலாங்கு மீனின் தோல் சளியில் தெரிந்த முட்டை வடிவ உருக்களையும் அவற்றின் நடுவே இருந்த புள்ளியையும் பதிவு செய்தார். 1835இல் ருடால்ஃப் வாக்னர் கருமுட்டையின் உட்கருவில் இதே புள்ளியைக் கண்டார். இன்று வழங்கும் லத்தீன் பெயரை 1839இல் இட்டவர் கேப்ரியல் வாலன்டின். தாவரவியலாளர் ஷ்லைடன் 1838இல் ஒரு படி மேலே போய், முதலில் உட்கருமணி தோன்றுகிறது, அதைச் சுற்றி உட்கரு படிகிறது, அதைச் சுற்றிச் செல் உருவாகிறது என்றார். அது தவறு. ஆனால் அந்தத் தவறினால்தான் இந்தச் சிறு உருண்டை அந்த நூற்றாண்டு முழுக்க ஆய்வாளர்களின் கவனத்திலிருந்து விலகாமல் இருந்தது. 1898இல் அமெரிக்க விலங்கியலாளர் தாமஸ் மான்ட்கோமரி அதுவரை வந்தவற்றையெல்லாம் திரட்டி ஒரு பெரிய ஒப்பாய்வு எழுதினார். எத்தனையோ விலங்குகளின் செல்களில் வடிவமும் எண்ணிக்கையும் துல்லியமாக வரையப்பட்டிருந்தன. அது என்ன வேலை செய்கிறது என்பதுதான் எவருக்கும் பிடிபடவில்லை.

குரோமோசோமில் ஓர் இடம்

உட்கருமணிக்குக் குரோமோசோமில் நிலையான பிறப்பிடம் உண்டு என்று காட்டியவர் எமில் ஹைட்ஸ். ஹாம்பர்க்கில் பணியாற்றிய அவர் 1931இல் விசியா இனத் தாவரங்களை ஆராய்ந்தார். சில குரோமோசோம்களில் சென்ட்ரோமியர் தவிர இன்னொரு ஒடுக்கமான இடம் இருந்தது. ஒவ்வொரு செல் பிளவுக்குப் பின்னும் உட்கருமணி சரியாக அந்த ஒடுக்கத்தில் தோன்றியது. ஒடுக்கங்கள் எத்தனையோ, மணிகளும் அத்தனை. யூத வழியினர் என்பதால் நாஜி ஆட்சியில் 1937இல் அவர் பதவி இழந்து சுவிட்சர்லாந்து சென்றார்.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் பார்பரா மெக்ளின்டாக். தாவும் மரபணுக்களுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றவர் என்றே பெரும்பாலோர் அவரை அறிவர். 1934இல் வெளிவந்த அவருடைய கட்டுரை அதற்குச் சற்றும் குறைந்ததில்லை. மக்காச்சோளத்தின் 6ஆம் குரோமோசோமில், உட்கருமணி ஒட்டியிருக்கும் இடத்தில், அடர்ந்த சாயம் ஏற்கும் ஒரு கட்டி உண்டு. எக்ஸ் கதிர் பட்ட ஒரு வகைச் செடியில் அந்தக் கட்டி இரண்டாக முறிந்து, ஒரு துண்டு 9ஆம் குரோமோசோமில் போய் ஒட்டியிருந்தது. இரண்டு துண்டுகளும் தனித்தனியே மணிகளை உருவாக்கின. அவற்றில் ஒன்று எப்போதும் மற்றதைவிடப் பெரிதாக வளர்ந்தது. போட்டியின்றித் தனித்து விடப்பட்டால் சிறியதும் நன்றாகவே வளர்ந்தது. ஆக, இந்த இடம் ஒற்றை அலகு இல்லை, பிரித்தாலும் வேலை செய்யும் பல கூறுகளைக் கொண்டது என்பது அந்த ஒரு முறிவிலேயே தெரிந்துவிட்டது. ஒரே மரபணு நூற்றுக்கணக்கான படிகளாக வரிசையில் நிற்கிறது என்ற உண்மை வெளிப்பட இன்னும் 30 ஆண்டுகள் பிடித்தன. மெக்ளின்டாக் அந்தக் கட்டிக்கு உட்கருமணி அமைப்பி என்று பெயரிட்டார்; வேறெங்கோ உண்டாகும் பொருளை அது திரட்டி ஒழுங்குபடுத்துகிறது என்று கருதினார். இந்தக் கருத்தில் பாதி சரி. ஆர்.என்.ஏ. பெரும்பாலும் அங்கேயே உண்டாகிறது, புரதங்கள் வெளியிலிருந்து வருகின்றன.

மனிதரில் இந்த இடங்கள் 13, 14, 15, 21, 22ஆம் குரோமோசோம்களின் குறுங்கைகளில் உள்ளன. இந்தக் குரோமோசோம்கள் உட்கருமணியோடு ஒட்டித் திரள்வதை ஃபெர்குசன் ஸ்மித்தும் ஹேண்ட்மேக்கரும் 1961இல் குறித்தனர்; ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான மரபணுக்கள் அங்கேதான் உள்ளன என்பதை ஹென்டர்சன், வார்பர்ட்டன், ஆட்வுட் மூவரும் 1972இல் நேரடியாகக் காட்டினர். தாய் வழி ஐந்து, தந்தை வழி ஐந்து என ஒரு செல்லில் பத்து இடங்கள். எல்லாவற்றிலும் சேர்த்துச் சில நூறு மரபணுப் படிகள், ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மாறும். ஒரே எழுத்துத் தொடர் இத்தனை முறை திரும்பத் திரும்ப வருவதால் இவற்றை வரிசைப்படுத்துவது கடினம். 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்ட மனித மரபணு வரைபடத்தில் இந்த ஐந்து குறுங்கைகளும் விடுபட்டிருந்தன. அவை நிரப்பப்பட்டது 2022இல் வெளியான முழு வரைபடத்தில்தான்.

வெள்ளி காட்டிய நூல்

உள்ளமைப்பின் கதை தொடங்குவது உருகுவேயின் மான்டிவிடியோ நகரில். மாட்ரிட்டில் ரமோன் இ கஹாலின் ஆய்வகத்தில் பயின்ற கிளெமென்டே எஸ்டாப்லே, வெள்ளி உப்பால் திசுவைக் கறுப்பாக்கும் கஹாலின் நுட்பத்தைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தவர். 1951இல் அவரும் ஹொசே ரொபெர்ட்டோ சொட்டெலோவும் இந்த முறையில் உட்கருமணியைப் பார்த்தபோது, ஒரே மொத்தையாகத் தெரிந்தது மறைந்து, சுருண்டு பின்னிய ஒரு கரிய நூல் தெரிந்தது. அதற்கு அவர்கள் நியூக்ளியோலோனீமா என்று பெயரிட்டனர். செல் பிளவின்போதும் இந்த நூல் அழியாமல் சேய் செல்களுக்குக் கடத்தப்படுகிறது என்றும் வாதிட்டனர். இரண்டாவது கூற்று நிலைக்கவில்லை. நூல் என்று தெரிந்ததும் ஒரே இழை இல்லை, பல கூறுகள் சேர்ந்த பட்டை. ஆனால் வெள்ளி தற்செயலாக எங்கோ படியவில்லை. உட்கருமணி அமைப்பிடத்தில் ஒட்டியிருக்கும் சில குறிப்பிட்ட புரதங்களை அது தேடிப் பற்றுகிறது என்பதை 1970களின் ஆய்வுகள் காட்டின. 1975இல் குட்பாஸ்சரும் புளூமும் மனிதக் குரோமோசோம்களில் வேலை செய்யும் அமைப்பிடங்களை மட்டும் வெள்ளியால் கறுப்பாக்கிக் காட்டினர். மரபியல் ஆய்வகங்களில் அந்த முறை இன்றும் வழக்கில் இருக்கிறது.

1950களில் மின்னணு நுண்ணோக்கி வந்தது. பாரிஸ் அருகே வில்ஜுயிஃப் புற்றுநோய் ஆய்வு மையத்தில் வில்ஹெல்ம் பெர்ன்ஹார்டின் குழு, ரெசினில் பதித்த செல்களை மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டிய மெல்லிய சீவல்களாக வெட்டிப் பார்த்தது. முதலில் இரண்டு வகைப் பொருள் பிரிந்து தெரிந்தது: 15 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள், அவற்றைவிட மெல்லிய இழைகள். இழைகள் நெருக்கமாகச் செறிந்து கரிய பட்டைகளாகத் தெரிந்தன. பட்டைகளின் நடுவே வெளிறிய தீவுகள் இருந்தன. வெறும் இடைவெளி என்று நெடுநாள் கருதப்பட்ட அவை தனிப் பகுதி என்று 1960களின் இறுதியிலிருந்துதான் ஏற்கப்பட்டன. இப்படி மூன்று பெயர்கள் நிலைபெற்றன. வெளிறிய தீவு இழை மையம்; அதைச் சூழ்ந்த கரிய பட்டை அடர் இழைப் பகுதி; இரண்டையும் உள்ளடக்கிய பெரும்பரப்பு துகள் பகுதி. பெர்ன்ஹார்டு 1969இல் வெளியிட்ட ஒரு சாய முறை டி.என்.ஏ. நிறைந்த பகுதிகளை வெளிறச் செய்து ஆர்.என்.ஏ. உள்ள இடங்களை மட்டும் கருமையாக விட்டது. உட்கருமணி எங்கே முடிகிறது, குரோமேட்டின் எங்கே தொடங்குகிறது என்ற குழப்பம் அதனால் பெரும்பாலும் தீர்ந்தது.

இழை மையங்களின் எண்ணிக்கை செல்லுக்குச் செல் வேறுபடும். இரத்தத்தில் ஓய்வாகச் சுற்றும் லிம்ஃபோசைட்டின் சிறு மணியில் ஒரே மையம்தான். கிருமியை எதிர்கொண்டு அந்தச் செல் பெருகத் தொடங்கியதும் மணி வீங்கி, மையங்கள் பலவாகின்றன. ஆய்வகத்தில் வேகமாக வளரும் ஹீலா செல்லில் அவை பல பத்து. எண்ணிக்கையைப் பார்த்தே செல்லின் சுறுசுறுப்பை ஒருவாறு ஊகித்துவிடலாம்.

தவளையும் நீர்ப்பல்லியும்

வேலை என்ன என்ற கேள்விக்கு விடை வேறு பாதையில் வந்தது. ஸ்டாக்ஹோமில் காஸ்பெர்சன் புறஊதா ஒளியாலும், பிரஸ்ஸல்ஸில் பிராஷே சாயங்களாலும் உட்கருமணியில் ஆர்.என்.ஏ. மிகுந்திருப்பதை 1940களை ஒட்டிக் காட்டினர். புரதம் அதிகம் செய்யும் செல்களில் மணியும் பெரிதாக இருந்தது.

1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் செனோபஸ் தவளைகளிடையே ஒரு வினோதக் குறை கண்டறியப்பட்டது. வழக்கமாக இரண்டு மணி இருக்க வேண்டிய செல்களில் ஒன்றுதான் இருந்தது. இத்தகைய இரு தவளைகளை இணைத்தால் குஞ்சுகளில் கால் பங்குக்கு மணியே இல்லை. அவை தலைப்பிரட்டையாகிச் சில நாட்களில் இறந்தன. 1964இல் டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் அந்தக் கருக்களைச் சோதித்தபோது, அவை புதிய ரைபோசோம் ஆர்.என்.ஏ. எதையும் செய்யவில்லை என்று தெரிந்தது. தாய் முட்டையில் வைத்துவிட்டுப் போன ரைபோசோம்களைக் கொண்டுதான் அவை அதுவரை பிழைத்திருந்தன. அதே ஆண்டு மெக்கான்கியும் ஹாப்கின்ஸும் மனித ஹீலா செல்களில் இதே தொடர்பை நிறுவினர். ரைபோசோம் தயாராகும் இடம் உட்கருமணி என்பதில் அதன் பிறகு ஐயமில்லை.

மரபணு வேலை செய்வதையே படம் பிடித்தவர்கள் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தின் ஆஸ்கர் மில்லரும் பார்பரா பீட்டியும். நீர்ப்பல்லியின் முட்டைச் செல்லில் நூற்றுக்கணக்கான தனி மணிகள் மிதக்கின்றன. உப்பு அநேகமாக இல்லாத நீரில் அவற்றை இளக விட்டு, உள்ளிருந்த இழைகளை விரித்து, 1969இல் அவர்கள் வெளியிட்ட படம் உயிரியல் நூல்கள் பலவற்றில் இன்றும் அச்சாகிறது. நீண்ட டி.என்.ஏ. தண்டு; அதன்மேல் நெருக்கமாக அமர்ந்த சுமார் நூறு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்கள், ஒவ்வொன்றிலிருந்தும் பக்கவாட்டில் நீளும் ஆர்.என்.ஏ. இழை. மரபணுவின் தொடக்கத்தில் இழை குட்டை, முடிவில் நீளம். அதனால் கிடைக்கும் கூம்பு வடிவத்தை ஆய்வாளர்கள் கிறிஸ்துமஸ் மரம் என்றே அழைக்கிறார்கள். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவே வெறும் டி.என்.ஏ. மனித மரபணுவில் இந்த அலகு ஏறத்தாழ 43,000 எழுத்து. அதில் படியெடுக்கப்படுவது சுமார் 13,000, மீதி இடைவெளி.

மரம் எங்கே நிற்கிறது?

விரித்துப் போட்ட மரத்தைப் படமெடுத்தாயிற்று. விரிக்காத மணிக்குள், மூன்று பகுதிகளில் எதில் அது நிற்கிறது என்ற கேள்விதான் அடுத்த 30 ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. 1984இல் உல்ரிஷ் ஷேரும் கேத்லீன் ரோஸும் பாலிமரேஸைப் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு தேடியபோது அது இழை மையத்தில் இருந்தது. ஆகவே படியெடுப்பு மையத்தில் நடக்கிறது என்றது ஒரு தரப்பு. கதிரியக்கம் ஏற்றிய யூரிடினைச் செல்லுக்குக் கொடுத்துச் சில நிமிடங்களில் நிறுத்தியவர்களுக்கு முதல் தடயம் அடர் இழைப் பகுதியில் கிடைத்தது. படியெடுப்பு அங்கேதான் என்றது மறு தரப்பு. இரண்டு தரப்பும் தம் படங்களைத் தவறாகப் படிக்கவில்லை. ஒருவர் தேடியது இயந்திரத்தை, மற்றவர் தேடியது அதிலிருந்து வெளிவரும் பொருளை. அதோடு, கதிரியக்கப் பதிவில் விழும் வெள்ளித் துகளின் பிழை எல்லையே கரிய பட்டையின் தடிமன் அளவுக்கு இருந்தது. இந்தக் கருவியை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைத் தீர்த்திருக்கவே முடியாது என்பதுதான் நேர்மையான மதிப்பீடு.

1990களில் புரோமின் ஏற்றிய யூரிடினும் தங்கத் துகள் ஒட்டிய எதிர்ப்பொருளும் வந்தபின் புள்ளிகள் நெருங்கின. இப்போது பெரும்பாலோர் ஏற்பது இது: மரபணுக்கள் இழை மையத்துக்கும் அடர் இழைப் பகுதிக்கும் இடையிலான எல்லையில் வேலை செய்கின்றன. மையத்தில் பாலிமரேஸும், மரபணுவை விரித்து வைக்கும் யுபிஎஃப் புரதமும், முறை வராத மரபணுக்களும் இருக்கின்றன. எல்லையில் பிறக்கும் ஆர்.என்.ஏ. வெளிப்புறமாக அடர் இழைப் பகுதிக்குள் நீளுகிறது.

அங்கே ஃபிப்ரில்லாரின் காத்திருக்கிறது. ஸ்கிளிரோடெர்மா நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் தம் சொந்த உட்கருமணியைத் தாக்கும் எதிர்ப்பொருள் உண்டு. ஹூஸ்டனில் ஹாரிஸ் புஷ்ஷின் ஆய்வகம் 1985இல் இந்தப் புரதத்துக்குப் பெயரிட்டபோது அதை அடையாளம் காண உதவியது அந்த எதிர்ப்பொருள்தான். குட்டி வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்கள் குறித்துக் காட்டும் எழுத்துகளில் ஃபிப்ரில்லாரின் மெத்தில் தொகுதிகளை ஒட்டுகிறது. வேறு நொதிகள் செய்யும் மாற்றங்களையும் சேர்த்தால் ஒரு ரைபோசோமில் இப்படித் திருத்தப்படும் எழுத்துகள் இருநூறைத் தாண்டும். நீண்ட முன்னோடி இழை இந்தப் பயணத்தில் 18எஸ், 5.8எஸ், 28எஸ் என மூன்றாக வெட்டப்படுகிறது. நான்காவதான 5எஸ் முதல் குரோமோசோமில் உண்டாகி வெளியிலிருந்து வந்து சேர்கிறது. சைட்டோபிளாசத்தில் தயாராகும் சுமார் 80 ரைபோசோம் புரதங்களும் உட்கருத் துளைகள் வழியே வருகின்றன. இவை எல்லாம் ஆர்.என்.ஏ.வோடு கோக்கப்படும் பெரும்பகுதி வேலை துகள் பகுதியில் நடக்கிறது. நுண்ணோக்கியில் துகளாகத் தெரிந்தவை பாதி முடிந்த ரைபோசோம்களே. ஆக, உள்ளிருந்து வெளியே மூன்று பகுதிகளும் தயாரிப்பின் வரிசைப்படி அமைந்திருக்கின்றன.

எல்லா உயிரிலும் மூன்று பகுதி கிடையாது. ஈஸ்டிலும் பூச்சிகளிலும் இழைப் பகுதி, துகள் பகுதி என இரண்டுதான். ஊர்வனவற்றின் பரிணாமத்தில் மூன்றாவது பிரிந்தது என்று மார்க் தீரியும் டெனி லாஃபோன்டேனும் 2005இல் முன்வைத்தனர். அழகான கருத்து; தவளை முட்டையின் மணிகளில் மூன்று அடுக்கு தெரிவது மட்டும் அதற்குள் எளிதில் அடங்க மறுக்கிறது.

அடுக்கைக் காப்பது எது?

2011இல் பிராங்வின், மிட்ச்சிசன், ஹைமன் மூவரும் தவளை முட்டைச் செல்லின் மணிகள் திரவத் துளிகளைப் போல நடந்துகொள்வதைக் காட்டினர். இரண்டு தொட்டால் ஒன்றாகி உருண்டை வடிவம் பெறும். 2016இல் பிரின்ஸ்டனில் பிராங்வின்னின் குழு உள்ளடுக்கையும் விளக்கியது. அடர் இழைப் பகுதியின் ஃபிப்ரில்லாரினையும் துகள் பகுதியின் நியூக்ளியோஃபாஸ்மினையும் தூய்மையாக எடுத்துக் கலந்தால் இரண்டு வகைத் துளிகள் உண்டாகின்றன. அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை; பரப்பு இழுவிசை கூடிய ஃபிப்ரில்லாரின் துளி மற்றதன் உள்ளே போய் அமர்கிறது. சவ்வு இல்லாமல் அடுக்கு நிற்பதற்கு இயற்பியல் காரணம் இதில் கிடைத்தது.

இதோடு எல்லாம் முடிந்ததாக எழுதுபவர்கள் 1960களிலேயே தெரிந்திருந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஆக்டினோமைசின் டி என்ற மருந்தைச் சிறு அளவில் கொடுத்தால் ரைபோசோம் மரபணுக்களின் படியெடுப்பு மட்டும் நிற்கும். சிறிது நேரத்தில் இழை மையங்களும் அடர் இழைப் பகுதியும் உள்ளிருந்து வெளியேறி, துகள் பகுதியின் மேற்பரப்பில் தொப்பிகளாக ஒட்டிக்கொள்கின்றன. புரதங்கள் மாறவில்லை, புதிய ஆர்.என்.ஏ. வரத்து மட்டும் நின்றது. அடுக்கு தலைகீழாகிவிட்டது. பரப்பு இழுவிசை தனியாக இந்த ஒழுங்கைக் காக்கவில்லை, மையத்திலிருந்து வெளியே ஓயாது நகரும் ஆர்.என்.ஏ.வும் சேர்ந்தே காக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

செல் பிளவு இதையே வேறு விதமாகச் சொல்கிறது. பிளவு தொடங்கும்போது ஒரு நொதி படியெடுப்பை நிறுத்துகிறது. அடுக்குகள் கலைந்து புரதங்கள் குரோமோசோம்களின் மேற்பரப்பில் பரவுகின்றன. ஆனால் யுபிஎஃப் தன் இடத்தை விடுவதில்லை. பிளவின் முடிவில் படியெடுப்பு தொடங்கிய இடங்களில் சிறு மணிகள் எழுகின்றன. அதிகபட்சம் பத்து வரை தோன்றக்கூடியவை பின்னர் ஒன்றோடொன்று இணைந்து சிலவாகக் குறைகின்றன.

மூன்று என்ற எண்ணும் இனி நிலையானது இல்லை. ஷாங்காயில் லிங் லிங் செனின் குழு 2019இல் மிகைத் தெளிவு நுண்ணோக்கியால் ஹீலா செல்களைப் பார்த்தபோது, அடர் இழைப் பகுதி ஒரே உறையாக இல்லாமல், ஒவ்வொரு மையத்தையும் சுற்றி ஏறத்தாழ இருபது சிறு உருண்டைகளாகப் பிரிந்து தெரிந்தது. ஒவ்வொரு மையத்தின் எல்லையிலும் வேலை செய்யும் மரபணுக்கள் இரண்டு அல்லது மூன்றே. அதே குழு 2023இல், அடர் இழைப் பகுதிக்கு வெளியே இன்னொரு வளையத்தை விவரித்தது, 28எஸ் ஆர்.என்.ஏ.வின் ஒரு முனை அங்கே செதுக்கப்படுகிறது. மணியின் வெளி விளிம்பிலும் தனிப் புரதங்கள் திரண்டிருப்பதை மனிதப் புரத வரைபடத் திட்டம் 2020இல் காட்டியது.

மருத்துவர்கள் இந்த விவரங்களுக்கெல்லாம் காத்திருக்கவில்லை. புற்றுச் செல்களில் மணி வழக்கத்துக்கு மீறிப் பெரிதாக இருப்பதை ஜுசெப்பே பியானேசே 1896லேயே எழுதினார். வேகமாகப் பெருகும் செல்லுக்கு ரைபோசோம் அதிகம் வேண்டும், மணி பெருக்கிறது. நியூக்ளியோஃபாஸ்மின் மரபணுவில் ஏற்படும் பிறழ்வு அந்தப் புரதத்தை உட்கருவுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. பெரியவர்களைத் தாக்கும் தீவிர மையலாய்டு இரத்தப் புற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் இந்தப் பிறழ்வு இருப்பதை பெரூஜியாவின் புருனாஞ்செலோ ஃபலினி குழு 2005இல் கண்டறிந்தது. சிறுநீரகப் புற்றின் தரத்தை இன்றைய நோய்க்குறியியலர் முடிவு செய்வதும் உட்கருமணியைப் பார்த்தே: 400 மடங்கு பெருக்கத்திலும் மணி சரியாகத் தெரியாவிட்டால் முதல் தரம், 400 மடங்கில் எடுப்பாகத் தெரிந்தால் இரண்டாம் தரம், 100 மடங்கிலேயே எடுப்பாகத் தெரிந்தால் மூன்றாம் தரம்.